நாலு பேர் படுக்கும் வண்டி

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அதன் சத்தமே இல்லை. ரெனிட்டா முதலில் கவனித்தது அதைத்தான். அன்று மதியத்துக்குள், பயணத்தில் இழுத்துப்போய் உள்ளேயே படுத்துக்கொள்கிற டிரெய்லர்கள் ஏழில் ஏறி இறங்கியிருந்தாள். ஏழிலும் கூரைமேல் மழை சோளம் பொரிகிற மாதிரி படபடத்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. இந்த எட்டாவது வண்டியின் படியேறி உள்ளே காலை வைத்ததும் சத்தம் பட்டென்று நின்றுபோனது. திரும்பி வாசல் வழியாகப் பார்த்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அவள் கணவன் கேலனுக்கு வாயெல்லாம் பல். "நல்லா அடைச்சிருக்கான்யா. இப்பல்லாம் எவன் இவ்வளவு பண்றான்" என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பதினாலு வருஷமாக டிரெய்லர் தொழிற்சாலையில் அலமாரி பொருத்துகிறவன் அவன். இந்தியானாவின் அந்த வடக்குக் கோடியில் பாதி ஜனத்துக்கு அதுதான் பிழைப்பு. அதனாலேயே அங்கே ஒருத்தரும் புது வண்டி வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல், வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தாங்கள் ஆணியடிக்கிற லட்சணம் அவர்களுக்குத் தெரியாதா என்ன? பத்து வருஷம் ரோட்டில் ஓடி, உதிர்வதெல்லாம் உதிர்ந்து முடிந்த பழைய வண்டியைத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

டிரெய்லர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது ரெனிட்டாதான். போன ஜூலையில் மிச்சிகன் ஏரிக்கரையில் கூடாரம் போட்டார்கள். ராத்திரி முழுக்க மழை, கூடாரத்துக்குள் கணுக்கால் தண்ணீர், கடைக்குட்டி அன்னிகாவுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். இனி துணிக்கூரைக்கு அடியில் என் பிள்ளைகளைப் படுக்கவைக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சிக்கல் என்னவென்றால், அவர்களுடைய பிக்கப் இழுக்கிற எடைக்கு ஓர் அளவு உண்டு. ஐந்து பேர், ஆறு பேர் படுக்கிற வண்டியெல்லாம் அந்த அளவைத் தாண்டிவிட்டன. இது தாண்டவில்லை. முன்பக்கம் பெரியவர்களுக்கு ஒரு கட்டில், பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குப் படுக்கை. ஆக நாலு பேர்.

விற்கிற வெர்லின் அவர்கள் சபைக்காரர்தான், அறுபது தாண்டியவர், தோளில் வார் மாட்டிய கால்சட்டையும் சாந்தமான முகமும். வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். கேலன், ரெனிட்டா, பதினொரு வயது கென்ட்ரா, ஏழு வயது டோபின், நாலு வயது அன்னிகா.

"இது நாலு பேருக்கும்மா" என்றார்.

"சின்னதுங்கதானே. எப்படியாவது அடுக்கிக்குவேன்."

"எப்படியாவதுங்கிறது இதுல நடக்காது. நாலுன்னா நாலுதான்."

பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார் கிழவர் என்று நினைத்துக்கொண்டு அவள் செருப்பைக் கழற்றினாள்.

அந்த வட்டாரத்தில் படுத்துப் பார்க்காமல் யாரும் வண்டி வாங்குவதில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, குடும்பம் மொத்தமும் உள்ளே போய், பயணம் போன மாதிரியே அவரவர் இடத்தில் படுத்துக்கொள்ளும். விற்கிறவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கால்மணி நேரம் பார்த்துத் திறப்பார். கட்டில் புருஷனுக்குக் குட்டை, மெத்தை முதுகைக் குத்துகிறது என்பதெல்லாம் அந்தக் கால்மணியில் தெரிந்துவிடும். படுக்காமல் வாங்கியவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

படுக்கிற நேரத்தில்தான் வழக்கு வந்தது. கென்ட்ரா மேல்படுக்கையைப் பிடித்துக்கொண்டாள். கீழ்ப்படுக்கை அன்னிகாவுக்கு. டோபின் மேலே ஏறினான், அக்கா உதைத்தாள். கீழே நுழைந்தான், தங்கை கடித்தாள். வாய் ஓயாத பிள்ளை அவன். இந்த வண்டிக்கு எத்தனை ஜன்னல், பின்னால் தள்ளினால் இதற்கு வலிக்குமா, உள்ளே இருந்துகொண்டே ஏன் நாமே இதை ஓட்டக்கூடாது என்று காலையிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டான். கேள்வி இல்லாத நேரத்தில் மூக்காலேயே ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பான். அவன் பேச்சைக் கேட்டால் ரெனிட்டாவுக்குத் தலைவலி வரும், தூங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தால் அங்கிருந்து நகர மனசு வராது. மூன்றில் அவன்தான் அவளை அதிகம் பாடுபடுத்தியவன், அவன்மேல்தான் அவளுக்கு உயிர்.

கடைசியில் பெரியவர்கள் கட்டிலுக்கு வந்து, ஈரக் காலுறையோடு அவள் கைமேல் காலைப் போட்டான். சபை விருந்துக்கு ரொட்டி சுட விடியுமுன் எழுந்தவள் அவள். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"கொஞ்ச நேரம் எங்கேயும் இல்லாம இருடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ பெரிய வேலை கொடுத்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்து, கால்விரலில் நடந்து பின்பக்கம் போனான். கீழ்ப்படுக்கைக்கு அடியில், அன்னிகாவின் கால் எட்டாத கோடியில், சாமான் வைக்கிற பெட்டி இருந்தது. அதன் பலகை மூடி தூக்கப்பட்டு மெல்ல இறங்குகிற சத்தம் கேட்டது. சரி, அங்கேயாவது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெர்லின் தலையை நீட்டி, "எல்லாருக்கும் இடம் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது" என்று சொன்னது அவள்தான். கதவு மூடிக்கொண்டது.

கதவு மூடியதும் வெளிச்சம் திரைத்துணி வழியாகப் பழுப்பாக வடிந்து, மெத்தையிலிருந்து வேறு யாரோ ஒரு குடும்பத்தின் வாசனை, சோப்பும் பாலும் வெயிலில் காய்ந்த துண்டும் கலந்த வாசனை, மெல்ல எழுந்து அவளைச் சுற்றி நின்றது. அதில் அருவருப்பு எதுவும் இல்லை, மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இருந்தது. மழை இல்லை, நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது, அவள் எண்ணினாள்: பக்கத்தில் கேலனுடைய கனத்த மூச்சு, மேலே கென்ட்ரா, கீழே மூக்கடைத்த அன்னிகா, அவளுடையது, அப்புறம் பலகைக்கு அடியிலிருந்து அந்த முனகல் பாட்டு. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு கால்மணி நேரம் வாய்த்ததில்லை. உடம்பு மெத்தைக்குள் இறங்கிக்கொண்டே போனது. முனகல் ஒரு வரியின் நடுவில் நின்றது. தூங்கிவிட்டான் என்று நினைத்தாள், அப்பாடா என்றிருந்தது. அதைப் பிற்பாடு நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொள்ள முடிந்தவரைக்கும்.

மறுபடி எண்ணினாள். நாலு மூச்சு.

கதவு திறந்தது, மழைச் சத்தம் உள்ளே பாய்ந்தது. கேலன் சோம்பல் முறித்து எழுந்தான், கென்ட்ரா இறங்கினாள், அன்னிகா செருப்பைத் தேடினாள். மூவரும் அலுவலகக் கொட்டகைக்கு ஓடினார்கள். ரெனிட்டா கீழ்ப்படுக்கையின் மெத்தையைத் தள்ளி மூடியைத் தூக்கினாள். பெட்டி காலி. சுத்தமாகத் துடைத்த பலகை. கையை விட்டு மூலைமூலையாகத் தடவினாள், குனிந்து தலையையே உள்ளே விட்டுப் பார்த்தாள். பின்சுவரில் கதவோ வழியோ எதுவும் இல்லை.

நனைந்துகொண்டே கொட்டகைக்கு ஓடினாள். டோபின் எங்கே என்று கேட்டாள்.

கென்ட்ரா நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து ரெனிட்டா ஓர் அதட்டல் போட்டாள். பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்கிற பிள்ளைக்கு அப்படி வராது. கேலன் பக்கம் திரும்பினாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மறந்துபோன வேலையாள் யாரையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி பார்த்தான். யார் டோபின், சபையிலா, உன் அண்ணன் வீட்டுப் பக்கமா என்று பொறுமையாகத்தான் கேட்டான். அந்தப் பொறுமையில் விளையாட்டே இல்லை.

மேசைமேல் ஆப்பிள் சாறு ஐந்து காகிதக் குவளைகளில் இருந்தது. வந்தவுடன் வெர்லின் ஊற்றிக்கொடுத்தது. அவள் அதைக் காட்டினாள். பார், ஐந்து இருக்கிறது, எண்ணிப் பார். கேலன் எண்ணினான். பாதி மிச்சமிருந்த குவளையை எடுத்து, அட, ஒன்று அதிகமாக ஊற்றிவிட்டார் என்று சொல்லி மடக்கென்று குடித்து, குவளையைக் கசக்கிக் குப்பையில் போட்டான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை, டிரெய்லர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் தோளை அணைத்துக்கொண்டான்.

அவள் அவனைத் தள்ளிவிட்டுப் பிக்கப்புக்கு ஓடினாள். பின்சீட்டில் டோபினை உயரமாக உட்காரவைக்கிற குட்டி இருக்கை இருக்க வேண்டும். இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையை வைத்தபோது அதன்மேல் மளிகைப்பைகள் ஏறியிருந்தன, எத்தனையோ நாளாகவே அப்படிக் கிடக்கிற மாதிரி தூசி படிந்திருந்தது. காலையில் அவளே அவனை அதில் உட்காரவைத்துப் பட்டையை மாட்டியிருந்தாள். மாட்டினாளா?

மாட்டினாள். மாட்டினாள்.

பின்னாலேயே குடையோடு வெர்லின் வந்து நின்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"இந்த வண்டிய முன்னாடி வச்சிருந்த அம்மாவும் இப்படித்தான் யாரையோ கேட்டு அழுதாங்க. மாரியான்னு ஒரு பேர். அவங்க வீட்டுல அப்படி யாருமே கிடையாது. பயப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சுட்டாங்க."

அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். என் பிள்ளையைக் கொடு என்றாள். நாலு பேருக்கு என்று முதலிலேயே சொன்னேனேம்மா என்றார் அவர், கையை மெல்ல விலக்கிவிட்டு. உண்மையாகவே அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று அவளுக்குப் பட்டது. அடித்தாலும் வராது.

சாயங்காலத்துக்குள். அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அப்போது மணி மூன்று. பிள்ளை எங்கேயோ இருக்கிறான். அவனைத் தேடுகிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அவள் மறந்தால் முடிந்தது.

வண்டிக்குத் திரும்பி ஓடினாள். மெத்தைகளைப் புரட்டினாள், அலமாரிகளைத் திறந்தாள், தரைவிரிப்பை நகத்தால் பிய்த்தாள், பலகைப் பெட்டிக்குள் மறுபடி தலையை விட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் அங்கேயே விழுந்து செத்தது. பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். டோபின். ஏழு வயது. மார்ச்சில் பிறந்தான். பனிப்புயல் அன்றைக்கு. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. மேலேயா கீழேயா? மேலே. கண் என்ன நிறம்? கேலனுடைய கண். கேலனுக்கு என்ன நிறம்? அவன் பாடுகிற அந்தப் பாட்டு, மூக்காலே, எப்படிப் போகும்? வாயைக் குவித்துப் பார்த்தாள். வரவில்லை. காலையில் வந்தது. மதியம்கூட வந்தது.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். டோபின். தோல் கிழிகிற மாதிரி அழுத்தி, இரண்டு தடவை.

முகம் போயிற்று.

பல் போயிற்று.

பிறந்த நாள். பனி. ஆஸ்பத்திரி. யாருக்கு?

அவள் அழுதாள். ஏங்கி ஏங்கி, ரொட்டி மணக்கும் தன் சட்டைக்கையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகை மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. மெத்தைகள் கலைந்து கிடந்தன. எதற்குக் கலைத்தோம் என்று யோசித்து, மூட்டைப்பூச்சி பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்துச் சரிசெய்தாள்.

மழை விட்டிருந்தது. சாய்ந்த வெயில் வாசலில் விழுந்தது. கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது என்று கேலன் சிரித்துக்கொண்டே ஏறிவந்தான். அவள் உள்ளங்கையைப் பார்த்து, அது என்ன என்று கேட்டான். அவளும் பார்த்தாள். டோபின் என்று இருந்தது, மை சிவந்த தோலில் பதிந்திருந்தது.

"தெரியல. ஏதோ பசையோட பேரா இருக்கும். வெர்லின் சொல்லியிருப்பாரு, கூரை விரிசலுக்கு" என்றாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள், முழுசாகப் போகவில்லை.

பெண்கள் இரண்டு பேரும் வெளியே குட்டையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது. தனக்கு ரெண்டு பெண், புருஷன், இந்த வண்டி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது.

டொக் டொக் டொக். நிறுத்தம். டொக் டொக் டொக். கீழ்ப்படுக்கைக்கு அடியிலிருந்து.

கேலன் தலையைச் சாய்த்துக் கேட்டான். தொழிற்சாலைக்காரனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. ஒரு பலகை ஆடினாலும், அதை முடுக்காமல் ரோட்டில் இழுத்துப்போகிறவனை அந்த ஊரில் தொழில் தெரியாதவன் என்பார்கள். டிரில்லையும் ஸ்க்ரூ டப்பாவையும் எடுத்துவந்து, மெத்தையைத் தள்ளிவிட்டு மண்டியிட்டான்.

"பெட்டி மூடி லூசா இருக்கு. ரோட்ல போட்டா உசிரை வாங்கும். ஸ்க்ரூ எடுத்துக் குடு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். முதலாவதை வலது மூலையில் இறக்கினான். டிரில் நின்றதும் சத்தம் இடது மூலையில் கேட்டது, கொஞ்சம் வேகமாக. அங்கே ஒன்று இறக்கினான். நடுவில் கேட்டது. பலகை மொத்தமும் வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் ஆடுகிறது என்று அலுத்துக்கொண்டான். அவள் அடுத்ததைக் கொடுத்தாள். அடுத்ததை. கீழே அது இப்போது எல்லா இடத்திலும் அடித்தது. கையால், காலால் அடிக்கிற மாதிரி. மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டதோ என்னவோ, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. துடைத்துக்கொண்டே கொடுத்தாள்.

எட்டாவது ஸ்க்ரூவுக்குப் பிறகு அடிப்பது ஓய்ந்தது. கேலன் நெற்றியைத் துடைத்தான்.

பெட்டியின் முன்பலகையில், பழைய மின்கம்பி போன வழியாக, ஒரு காசு அகலத்துக்கு ஓட்டை இருந்தது. அதிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது.

சின்ன விரல். கடித்த நகம். அது அங்கும் இங்கும் துழாவி, தரையில் ஊன்றியிருந்த அவள் கையைக் கண்டுபிடித்து, கட்டைவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ரெனிட்டாவின் அடிவயிறு ஒருமுறை சுருட்டி இழுத்தது. மாதத்தீட்டு நெருங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"என்ன பாக்கிற?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு ஓட்டை இருக்கு. எலி கிலி வந்துடும்."

"அப்படியே பொத்திப் பிடி. தகரத் துண்டு எடுத்துட்டு வரேன்."

அவன் இறங்கிப் போனான். அவள் அந்தச் சின்ன விரலை மெதுவாக, நோகாமல் பிரித்து உள்ளே தள்ளிவிட்டு, கட்டைவிரலால் ஓட்டையை மூடினாள்.

"அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது.

"இதோ வந்துட்டேன் கண்ணு" என்று வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். வெளியே அன்னிகா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கூப்பிட்டிருக்கவில்லை.

கட்டைவிரலுக்கு அடியில் சூடாக மூச்சு பட்டது, விட்டு விட்டு. ரெனிட்டா இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.